எதைப் பார்த்தால் குமட்டும்?

பங்குனி 5, செவ்வாய்

வெள்ளாங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. சீ, இதற்குப் பேர் மடமா? பேருந்தை விட்டு இறங்கியதும் ஆற்றோரமாக மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதைத் தாண்டினால் ‘கழனித்தொட்டிச் சாமிகள் அனுபவ மடம்’ என்று பெரிய வளைவு. வளைவுக்கு நேர் கீழே எச்சில் இலைக் குவியல், அதன்மேல் இரண்டு நாய். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்திருந்தால் அந்த வளைவிலேயே நோட்டீஸ் ஒட்டியிருப்பேன்.

பிரமுவைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன். என் மனைவி. கார்த்திகையில் ‘ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்’ என்று வந்தவள், பங்குனி பிறந்தும் திரும்பவில்லை. வருகிற செவ்வாய் சாமியாரின் குருபூஜை. அன்றைக்கு வெள்ளைச் சேலை வாங்கிக்கொண்டால் சாகும்வரை மடத்து ஆள். அப்புறம் பாளையங்கோட்டையில் அந்தப் பெரிய வீட்டில் நானும் பல்லிகளும்தான். அதற்குள் அவளைக் கிளப்பியாக வேண்டும்.

மடத்துக் காரியஸ்தர் ஆவுடையப்பன்தான் போன வாரம் போன் செய்தார். குருபூஜைக்கு முன்னாலேயே வந்து ஒரு வாரம் தங்க வேண்டுமாம். அவள் சொல்லித்தான் செய்திருப்பார். ரோஷக்காரி, தானாகக் கூப்பிட மாட்டாள்.

வாசலில் வரிசை. உள்ளே போகிறவர்களிடம் ஆவுடையப்பன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “எதைப் பாத்தா உங்களுக்குக் கொமட்டும்?” சாமியார் உயிரோடு இருந்தபோது ஏற்படுத்திய வழக்கமாம். அந்த ஆள் யாரோ ஒரு மிராசு வீட்டுக் கொல்லையில் மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவர். கடவுளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு யார் வந்தாலும் இதைத்தான் கேட்பாராம். பதில் சொன்னால், எது குமட்டுமோ அதிலேயே வேலை கொடுத்து அனுப்பிவிடுவாராம். சுவரில் அவர் சொன்னதை எழுதிப் போட்டிருக்கிறார்கள்:

“அடுத்தவன் கண்ட சாமிய நீ கும்புடுதது, அடுத்தவன் எச்சி எலையில நீ உக்காந்து திங்குத மாதிரி. எங்கயும் இருக்கான்னு சொல்லுதியே, நீ மூஞ்சியத் திருப்புத எடத்துல இருக்கானா? போயிப் பாரு. மோந்து பாரு. தொட்டுப் பாரு. அப்புறம் பேசு. இருந்தா கண்டேன்னு சொல்லு. இல்லன்னா காணலன்னு சொல்லு. பொய் மட்டும் சொல்லாத.”

பார், மோந்து பார், தொட்டுப் பார். என் தொழிலே அதுதான். எண்ணெய் டின்னில் ஒட்டிய லேபிளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. சாமியாரை எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூடப் போயிற்று.

பிடிக்காமல் போனது வரிசையில் நின்ற கூட்டம். எனக்கு முன்னால் நம்பிராஜன் என்று ஒருவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வருடா வருடம் வருகிறவர். கேட்டதும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “எனக்கு இந்த மல்லியப்பூ வாசந்தான் ஆகவே ஆகாது” என்றார். மாலை கட்டும் வேலை கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு அம்மாள் நெய் என்றாள், அவளுக்கு விளக்குப் போடும் வேலை. தூ! கடவுளைப் பார்க்க வந்த இடத்தில், வாசல்படியிலேயே பொய். கக்கூஸ் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடத்துக் கக்கூஸ் இந்த லட்சணத்தில் கிடக்கிறது.

என் முறை வந்தது. “எனக்குக் கொமட்டுதது எதுவும் இல்லை” என்றேன். “அடைச்ச சாக்கடை, ஆடு அறுக்குத கொட்டகை, செத்து மூணு நாளான பெருச்சாளி எல்லாம் பாத்தவன்.”

“எதுவுமே இல்லியா ஐயா?”

“இல்லை.”

“அப்ப நீங்க சும்மா இருங்க” என்றார்.


பங்குனி 6, புதன்

ரசத்தில் முடி. பெண்பிள்ளை முடி இல்லை, குட்டையானது, சமையற்காரன் முன்கையில் இருந்து உதிர்ந்தது. எடுத்துக் காட்டினேன். “பிரசாதம் ஐயா, அப்படிச் சொல்லப்படாது” என்கிறான். பிரசாதத்தில் முளைக்குமோ முடி?

பிரமுதான் பரிமாறினாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். ‘வாங்க’ என்றதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பரிமாறிவிட்டுப் போகவில்லை, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சாப்பிட்டு எழும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி அப்படிப் பாக்கே?”

“சும்மாதான். நீங்க சாப்புடுங்க.”

நல்ல அடையாளம். வீட்டில் இருந்த கடைசி மாதங்களில் என்னை ஏறெடுத்துப் பார்க்காதவள். உருகுகிறாள்.

அவள் மேல் நாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அல்லது ரசத்து நாற்றத்தில் அமுங்கிப் போயிற்றோ என்னவோ.

அதை எழுதிவிடுவோம், ஒளிக்க என்ன இருக்கிறது? போன ஆனியில் அவளுக்குப் பெருங்குடலில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். வயிற்றில் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். அவள் வெளிக்குப் போவதெல்லாம் அந்தப் பையில்தான், ஆயுசு பூராவும். கட்டி போய்விட்டது, ஆள் பிழைத்தாள், அதுவே பெரிது. நானும் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். துணைக்கு ஆள் வைத்தேன். அவளுக்குத் தொந்தரவாக இருக்க வேண்டாம் என்று நானே மாடி அறைக்குப் போனேன். அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தது கிருமிக்காக. அது எனக்குத் தெரிந்த தொழில், அவளுக்குத் தெரியாது. ஊதுபத்தி எல்லார் வீட்டிலும் ஏற்றுவதுதான்.


பங்குனி 7, வியாழன்

வயிறு சரியில்லை. ரசம். யாரிடமும் சொல்லவில்லை.


பங்குனி 8, வெள்ளி

தொட்டியைப் பார்த்தேன். சாமியார் உட்கார்ந்திருந்த அதே கல்தொட்டி. அதற்குப் பித்தளைத் தகடு அடித்து, சந்தனம் பூசி, பட்டுத் துண்டு சுற்றி, உள்ளே பன்னீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். குனிந்து மோந்து பார்த்தேன். கழனித் தண்ணீர் வாடை மருந்துக்கும் இல்லை, கல்யாண வீட்டு வாசம்தான் அடித்தது. நாறுகிற இடத்தில் போய்ப் பார் என்று சொன்ன மனுஷனுக்கு இவர்கள் செய்திருக்கிற மரியாதை இது. தொட்டிக்குப் பின்னால்தான் சமையற்கட்டுச் சாக்கடை திறந்து ஓடுகிறது, கொழகொழவென்று, பச்சைப் பசேலென்று. அதை ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லை. புழுவைக்கூட நான்தான் பார்த்தேன்.

சாயங்காலம் அனுபவ நேரம். வேலை முடித்தவர்கள் மைக்கைப் பிடித்துக் கண்டேனா காணலையா என்று சொல்ல வேண்டும். நெய் அம்மாள் கண்டாளாம். நம்பிராஜனும் கண்டாராம். மல்லிகை மொக்கில் சாமி சிரித்தாராம். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார், மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கியது, அதைத் துடைக்காமலேயே பேசினார். கூட்டம் பூராவும் ‘ஆகா’ போட்டது. எனக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிரமு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ‘ஆகா’ போடவில்லை. அந்த மட்டில் என் பெண்டாட்டிக்குப் புத்தி இருக்கிறது.


பங்குனி 9, சனி

இன்று மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்தாள். காலையில் நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோதும் வந்து, தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கே கூச்சமாகிவிட்டது. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

“ஊருக்குப் போவமா?” என்று கேட்டேன்.

“பாப்பம்” என்றாள்.

பாப்பம் என்றால் பாதி சம்மதம். மதியத்துக்கு நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வெள்ளைச் சேலையாவது ஒன்றாவது.


பங்குனி 10, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. இருக்கட்டும்.

காலையில் ஆவுடையப்பனைப் பிடித்தேன். “எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கு. என் வீட்டுக்காரி எனக்குப் பரிமாறுததத் தவிர ஒண்ணுஞ்செய்யக் காணும். அவளுக்கு என்ன வேலை?” என்று கேட்டேன். அவளை இங்கே யாரும் கொடுமைப்படுத்தவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “உங்களுக்குத் தெரியும்னுல்லா நினைச்சேன். அந்த அம்மாவுக்கு வேலை நீங்கதான் ஐயா.”

“நானா?”

“கார்த்திகையில வந்தப்ப வாசல்ல கேட்டோம்லா, எதைப் பாத்தா கொமட்டும்னு. எம் புருஷன் மூஞ்சின்னாவ.”

நான் சிரித்தேன். சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இங்க இல்லாத வேலைய நாங்க எப்படிக் குடுக்க? அதனால அப்ப விட்டுட்டோம். இப்ப வெள்ளை கேக்காவ. வாசல்ல சொன்ன வேலைய முடிக்காம வெள்ளை கிடையாது, அது சாமி வச்ச முறை. அதான் உங்களைப் போன் பண்ணி வரவச்சோம். கோவிச்சுக்கிடாதீங்க.”

அப்படியானால் என்னை விருந்தாளியாக வரவழைக்கவில்லை. சாணி வேண்டுமென்றால் சாணி கொண்டுவருவதுபோல, மாட்டுக் குடல் வேண்டுமென்றால் குடல் கொண்டுவருவதுபோல, என் மூஞ்சியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்! அவள் மூன்று வேளை உட்கார்ந்து அப்பியாசம் செய்திருக்கிறாள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு காட்டியிருக்கிறேன். கருமம், கருமம்!

கண்ணாடியில் பார்த்தேன். சுத்தமாகச் சவரம் செய்த முகம். பல் வரிசையாக இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது குமட்ட?


பங்குனி 11, திங்கள்

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நேராகப் போய் நின்றேன்.

“செத்த பெருச்சாளி, சாக்கடை, அந்த வரிசையில நானாட்டி?”

அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. “செத்த பெருச்சாளிய நீங்க வாலைப் பிடிச்சுத் தூக்குனத நான் பாத்திருக்கேன். நம்ம தெருவுல, ஓடையில. மூஞ்சியில ஒரு சுளிப்பு கிடையாது. எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு?”

“அதுக்கு?”

“ஆஸ்பத்திரியில நர்ஸு உங்களக் கூப்பிட்டா. ‘சார், வாங்க, பை மாத்துதத ஒருக்கப் பாத்துக்கிடுங்க, வீட்டுல நீங்கதான செய்யணும்’னா. நீங்க வாசல்லயே நின்னீங்க. நின்னு ஒரு மூஞ்சி வச்சீங்க.” துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “எனக்கு என் வயித்தப் பாத்து அதுவரைக்கும் ஒண்ணும் தோணல. உசுரு கிடைச்சுதேன்னுதான் இருந்துச்சு. அன்னையில இருந்து குனிஞ்சு வயித்தப் பாத்தா அங்க உங்க மூஞ்சிதான் தெரியுது. எனக்குப் பை நாறலங்க. உங்க மூஞ்சிதான் நாறுது.”

“நான் என்ன வேணும்னா செஞ்சேன்? மனுஷனுக்கு மூஞ்சி தானாச் சுளிஞ்சு போகும்.”

“பெருச்சாளிக்குப் போகலியே.”

கிணற்றடியில் பாசி. யாரும் தேய்ப்பதே இல்லை. வழுக்கி விழப் பார்த்தேன். நான் உடனே அறைக்கு வந்துவிட்டேன்.

நாளை மைக்கில் கண்டேன் என்று சொல்லுவாள். இங்கே காணல என்று யார் சொன்னார்கள்? மல்லிகையில் கண்டார்கள், நெய்யில் கண்டார்கள், என் மூஞ்சியில் காண்பதற்கு என்ன கேடு? கண்டேன் என்ற ஒரு சொல், ஒரு வெள்ளைச் சேலை, முடிந்தது. நான் தனியாகப் பேருந்து ஏற வேண்டியதுதான். காலையிலேயே கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.


பங்குனி 12, செவ்வாய்

போகவில்லை. போயிருந்தால் நான் இல்லாத இடத்தில் என் மூஞ்சியைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

குருபூஜைப் பந்தலில் வியர்வையும் சாம்பிராணியும் சேர்ந்து மூச்சு முட்டியது. வெள்ளை வாங்குகிறவர்கள் மேடைக்குப் போய், தங்கள் வேலையைச் சொல்லி, கண்டேன் என்று சொல்லிச் சேலையையோ வேட்டியையோ வாங்கினார்கள். நம்பிராஜனும் வாங்கினார், மறுபடியும் மூக்கு ஒழுக.

பிரமு போனாள். ஒரு கை மைக்கைப் பிடித்திருந்தது, மறுகை வழக்கம்போல வயிற்றுப் பக்கம் சேலையைப் பிடித்திருந்தது.

“நான் பிரமநாயகி. வாசல்ல எம் புருஷன் மூஞ்சின்னு சொன்னேன்.”

முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்கு உடம்பு பூராவும் எரிந்தது.

“அவியள வரவழைச்சுத் தந்தாங்க. ஒரு வாரம் பாத்தேன். திங்கும்போது பாத்தேன், சவரம் பண்ணும்போது பாத்தேன். அந்த மூஞ்சியில சாமி இருக்கான்னு தேடுனேன். காணல.”

முன்வரிசையில் சிரித்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“கண்டேன்னு சொல்லிட்டா வெள்ளை குடுத்துருவீங்க. எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா காணலியே, நான் என்ன செய்ய? சாமி பொய் சொல்லாதன்னுல்லா சொல்லியிருக்காவ. எனக்கு வேலை முடியல. அதனால அவிய கூடவே போறேன்.”

மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள். ‘ஆகா’ யாரும் போடவில்லை. ஆவுடையப்பன் மட்டும் மேடையில் இருந்து இறங்கி வந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். “சாமி போனதுக்கப்புறம் இந்த மடத்துல காணலன்னு ஒருத்தர் சொல்லி இன்னைக்குத்தாம்மா கேக்கேன்” என்றார்.

நான் வந்த காரியம் நடந்துவிட்டது. பிரமு வீட்டுக்கு வருகிறாள். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும்.

வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது ஆவுடையப்பன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். “ஐயா, வரும்போது ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க. இப்ப கேக்கேன். எதைப் பாத்தா உங்களுக்குக் கொமட்டும்?”

ஆட்டோ வந்துவிட்டது.


பங்குனி 13, புதன்

வீடு. பூட்டிக் கிடந்ததில் சமையற்கட்டில் எலி. பால் பாத்திரத்தில் பூஞ்சை. எல்லாவற்றையும் கழுவினேன்.

பரணில் நான் எடுத்து வைத்திருந்த அவள் தட்டையும் டம்ளரையும் பிரமு தேடி எடுத்து, என் தட்டின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.


பங்குனி 15, வெள்ளி

துணைக்கு வருகிறவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை.

காலையில் பின்கட்டில் வெளிச்சம் விழுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் முக்காலியில் வெந்நீர், பஞ்சு, புதுப் பை.

“வாங்க” என்று கூப்பிட்டாள். “இதுக்குமேல ஒளிக்க என்ன இருக்கு? வந்து பாருங்க. மோந்து பாருங்க. தொட்டுப் பாருங்க. அப்புறம் பேசுங்க.”

கதவு நிலையில் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்க முடியாத ஒரே இடம் அது.

“போன் அடிக்கி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போன் அடிக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தேன், ஒன்று விடாமல் சொத்தை. கடைக்காரனைக் கண்டபடி திட்டினேன்.

திரும்பி வருவதற்குள் அவளே பையை மாற்றி முடித்து, துணி காயப் போட்டிருந்தாள்.


பங்குனி 18, திங்கள்

இன்று மறுபடியும் நாற்காலி போட்டாள். கூப்பிடவில்லை. நானாகப் போனேன்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பழைய பையைச் சுற்றிலும் பிய்த்து எடுக்க வேண்டும், தோல் இழுபடாமல். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? விட்டேன். நாற்றம் வந்தது. மலம்தான், சந்தேகமில்லை. வாய்க்குள் எச்சில் ஊறி, தொண்டைக்கு ஏறி வந்தது. ஏறியதை விழுங்கினேன், மூக்கைப் பொத்தவில்லை.

அந்தத் துளையைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் முதல் தடவை. பச்சைப் புண்ணாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், புண் இல்லை. குழந்தையின் வாய்க்குள் தெரிகிற மாதிரி சிவப்பு, ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாக ஒரு தடவை அசைந்தது. பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தேன். கீழ்ப்பக்கம் தோல் சிவந்து தடித்துப் போயிருக்கிறது. பையில் துவாரத்தை வயிற்றுத் துளையைவிடப் பெரிதாக வெட்டுகிறாள், அதனால் கசிந்து தோலைத் தின்கிறது. குனிந்து பார்த்தால் அந்த இடம் அவளுக்குத் தெரியாது, எதிரே உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். புதுப் பையில் சின்னதாக வெட்டி, ஒட்டி, சூடேறும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

நிமிர்ந்தால், அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் உட்கார்ந்ததில் இருந்தே அப்படித்தான் பார்த்திருக்கிறாள். அவள் வேலை அவளுக்கு.

“கொமட்டிச்சா?” என்று கேட்டாள்.

“கொமட்டிச்சு” என்றேன். “உனக்கு?”

யோசித்தாள். என் நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“முன்னைக்குக் கொஞ்சம் கம்மி” என்றாள்.

நான் சாமி எதையும் காணவில்லை. காணல என்றே எழுதி வைக்கிறேன். வியாழக்கிழமை மறுபடியும் பை மாற்ற வேண்டும்.